தைக்குமுன் சுவரில் பாருங்கள்



கர்நாடகத்தில் குடியேறிய நீங்கள், கௌதி என்னும் ஒட்டுத்துணிப் போர்வையைக் கண்டிருப்பீர்கள். உத்தரகன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் அதை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கையாலேயே தைத்து முடிப்பார்கள். அவர்களுக்குக் கைப்பழக்கமே அளவுகோல். நமக்கோ, ஊரிலிருந்து கொண்டுவந்த தாயாரின் சேலையை ஒருமுறைதான் வெட்ட முடியும். ஆகையால் துண்டுகளை முதலில் அடுக்கிப் பார்க்க ஒரு சுவர் தேவை.

ஞாயிறு பள்ளியில் பிளானல் பலகையின்மேல் படங்கள் ஒட்டி நிற்குமல்லவா? வழி அதுவே. வெள்ளைப் பிளானல் துணி 2 மீட்டர் வாங்குங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்க இயலாவிடில், இரும்புப் பீரோவின் கதவில் காந்தங்களால் பொருத்துங்கள். பருத்தித் துண்டுகள் தாமாகவே பற்றிக்கொள்ளும். பட்டு வழுக்குமாதலால் பிளானலோடு சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

பின்பு 6 அடி தள்ளி நின்று, கண்களைச் சுருக்கிப் பாருங்கள். கருநிறத் துண்டுகள் ஓரிடத்தில் குவிந்திருந்தால் அப்பொழுது விளங்கும். இடம் மாற்ற ஒரு நொடி போதும்; தைத்தபின் பிரித்தாலோ, நைந்த பழந்துணி தாங்காது. மனநிறைவானதும் வரிசை வரிசையாக எண்ணிட்டு எடுத்துத் தையுங்கள்.

ஆசரிப்புக் கூடாரத்தின் பத்து மூடுதிரைகள் ஐந்தைந்தாக இணைக்கப்படுமுன், மோசேக்கு மலையின்மேல் மாதிரி காண்பிக்கப்பட்டது (யாத். 25:40, 26:1-3). ஊரைவிட்டுப் பிரிந்து சிதறிய நம் நாட்களையும் கர்த்தர் முழுமையாய்க் காண்கிறார். நம் கண்ணுக்குப் பொருந்தாத துண்டிற்கும் அவரிடத்தில் ஓர் இடமுண்டு. அவர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக!