தெரிந்து கொள்வோம்: இறங்க வந்து மேலே எழும் விமானம்



பனிப்புகார் மூடும் மாதங்களில் உறவுகளை அழைத்துவர சூரிச் குளோட்டன் விமான நிலையத்துக்கு நம்மில் பலர் போகிறோம். சில வேளைகளில் இறங்க வந்த விமானம் தரைக்குக் கிட்ட வந்தபின் பெரும் இரைச்சலோடு திரும்ப மேலே எழுந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் பயந்து கடவுளைக் கும்பிடத் தொடங்கிவிடுவார்கள். பயப்படத் தேவையில்லை. ஏன் என்று பார்ப்போம்.

புகாருக்குள் விமானிக்குக் கண் உதவாது. ஓடுபாதை அருகே இருந்து இரண்டு வானொலிச் சாதனங்கள் அலைகளை அனுப்பியபடி இருக்கும். ஒன்று ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும். மற்றது இறங்கவேண்டிய சரிவைக் காட்டும். அது வழக்கமாக 3 பாகை. இதற்கு ஐ.எல்.எஸ். என்று பெயர். விமானி கருவியைப் பார்த்தபடி அந்தக் கோட்டிலேயே இறங்குவார்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. சாதாரண வகை ஐ.எல்.எஸ். முறையில் அது ஓடுபாதைக்கு மேலே 200 அடி, ஏறக்குறைய 60 மீற்றர். அந்த உயரத்திலும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால் மேலே எழவேண்டும். எந்தப் பக்கம் திரும்புவது, எவ்வளவு உயரம் ஏறுவது என்பதெல்லாம் விமானியிடம் உள்ள வரைபடத்தில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். புறப்படும்போதும் மலைகளில் மோதாமல் ஏற இப்படியே பாதை வகுக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஒழுங்கு தவறினால் என்ன நடக்கும் என்பதைக் குளோட்டன் இரண்டு முறை கண்டது. 1990 நவம்பர் 14 இரவு மிலானிலிருந்து வந்த அலித்தாலியா விமானம் ஸ்டாட்லர்பெர்க் மலையில் மோதி, அதில் இருந்த 46 பேரும் இறந்தார்கள். பழுதான கருவி, சரியான சரிவில் வருவதாகப் பொய் காட்டியது. துணை விமானி மேலே எழ முயன்றார். தலைமை விமானி அதை நிறுத்திவிட்டார். 2001 நவம்பர் 24 இரவு பெர்லினிலிருந்து வந்த குறொஸ்எயர் விமானம், ஓடுபாதை தெரியாமலே குறித்த எல்லைக்குக் கீழே இறங்கி பாசர்ஸ்டோர்ப் அருகே விழுந்தது. 33 பேரில் 24 பேர் இறந்தார்கள். துணை விமானி தலைமை விமானியைத் தடுக்கவில்லை.

இன்று பல விமான நிறுவனங்களில், இரு விமானிகளில் யார் "மேலே எழு" என்றாலும் மற்றவர் கேட்கவேண்டும் என்பது விதி.

தொழிற்சாலையில் நிற்கும் எமக்கு இது நன்றாக விளங்கும். ஆபத்தைக் கண்டால் இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானை அழுத்த மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்பதில்லை. நேற்றுச் சேர்ந்தவரானாலும், டொச் மொழி சரியாகத் தெரியாதவரானாலும் உடனே அழுத்தவேண்டும். புதிதாக வேலைக்குப் போகும் நம்மவர்கள் இதில் கூச்சப்படக்கூடாது.

ஆகவே உங்கள் விமானம் மேலே எழுந்தால் இருக்கைப் பட்டியைக் கழற்றாமல் அமைதியாக இருங்கள். விமானி சுற்றி வந்து மறுபடி முயல்வார், அல்லது வேறு நகரில் இறக்குவார். வெளியே காத்து நிற்பவர்களும் தாமதத்தைக் கண்டு கலங்க வேண்டாம்.