விண்ணில் தொலைநோக்கி இருந்தால் மண்ணில் இருட்டு வேண்டாமா?



பதிவு கொஞ்சம் நீளம். நாற்பது நிமிட வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், பத்து நிமிடம் உட்கார மாட்டீர்களா?

மலையில் புதிதாக வரும் விளக்குகளைப் பற்றி நம்ம பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் இரண்டு வரி போட்டிருந்தேன். அதற்கு வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் மாணவர் ஒருவர் பதில் எழுதினார். "சார், இப்ப தொலைநோக்கி எல்லாம் விண்வெளியிலேயே இருக்கு. ஜேம்ஸ் வெப் எடுக்கிற படத்தைப் பார்த்தீங்களா? தரையில இருக்கிறது எல்லாம் இனிமே பழைய இரும்புக் கடைக்குத்தான். ராத்திரி இருட்டா இருக்கணும்னு என்ன அவசியம்?" இதற்கு ஏகப்பட்ட பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

பெயர் சொல்ல மாட்டேன். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் கெட்டிக்காரர் தப்பாகச் சொன்னால் பத்துப் பேர் நம்பிவிடுவார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளோமா படித்த ஆள், விஞ்ஞானி அல்ல. ஆனால் பெருக்கல் வகுத்தல் தெரியும். இந்த வழக்குக்கு அதுவே போதும்.

முதலில் எதிர்க்கட்சிக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். விண்வெளித் தொலைநோக்கிகள் அற்புதமானவை. ஓடைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லை மேலிருந்து பார்த்தால் அது ஆடுகிற மாதிரி தெரியும். கல் ஆடவில்லை, நடுவில் உள்ள தண்ணீர் ஆடுகிறது. அதே மாதிரிதான் நட்சத்திரம் கண் சிமிட்டுவதும். நடுவில் உள்ள காற்று ஆடுகிறது. காற்றைத் தாண்டிப் போய்விட்டால் இந்த ஆட்டம் இல்லை.

அது மட்டுமல்ல. எக்ஸ் கதிரையும் புறஊதாக் கதிரில் பெரும்பகுதியையும் காற்று தரைக்கு விடுவதே இல்லை. அகச்சிவப்பிலும் நிறையத் தடுத்துவிடுகிறது. அவற்றைப் பார்க்க மேலே போயே ஆக வேண்டும். அதற்காகத்தான் நம் இஸ்ரோ 2015 செப்டம்பர் 28 அன்று அஸ்ட்ரோசாட்டை அனுப்பியது. 2021 டிசம்பர் 25 அன்று கிளம்பிய ஜேம்ஸ் வெப், 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, மைனஸ் 220 டிகிரிக்கும் கீழான குளிரில் உட்கார்ந்து அகச்சிவப்பைப் பார்க்கிறது. இதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், "ஆகையால் தரையில் வேலை இல்லை" என்ற முடிவில்தான். அரிவாள் நன்றாக வெட்டுகிறது, ஆகையால் மண்வெட்டி வேண்டாம் என்பது போன்ற பேச்சு அது.

கணக்குக்கு வருவோம்.

ஒன்று, அளவு. தொலைநோக்கி என்பது ஒளியைப் பிடிக்கும் பாத்திரம். மழையில் சொம்பு வைத்தால் எவ்வளவு, அண்டா வைத்தால் எவ்வளவு? வாய் அகலம்தான் முக்கியம். ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர். ஜேம்ஸ் வெப்பின் கண்ணாடி 6.5 மீட்டர். அதை முழுசாக ராக்கெட்டில் ஏற்ற முடியாமல், 18 துண்டாகச் செய்து மடித்து அனுப்பினார்கள். தரையில் அந்தக் கவலை இல்லை. ஹவாயில் 10 மீட்டர் கெக் தொலைநோக்கிகள் முப்பது வருடமாக ஓடுகின்றன. சிலி நாட்டு மலை ஒன்றில் இப்போது 39 மீட்டர் கண்ணாடியோடு ஒன்று கட்டுகிறார்கள். 39-ஐ 6.5-ஆல் வகுத்தால் 6. பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று எட்டாம் வகுப்பில் படித்தோமே, ஆறு ஆறு முப்பத்தாறு. வெப் பிடிப்பதைப் போல ஏறக்குறைய 36 மடங்கு ஒளி. பழைய இரும்புக் கடைக்குப் போகிற சாமானா இது?

இரண்டு, செலவு. வெப்புக்கு ஆன செலவு சுமார் 1,000 கோடி டாலர். அந்த 39 மீட்டர் ராட்சசனுக்கு ஆகும் செலவு சுமார் 150 கோடி யூரோ. பணக்கார நாடுகளே கூட்டுச் சேர்ந்துதான் விண்ணுக்கு அனுப்ப முடிகிறது. நம்மைப் போன்றவர்கள் தரையில் கட்டாவிட்டால் அடுத்தவன் வாசலில் கியூவில் நிற்க வேண்டியதுதான்.

மூன்று, பழுது. 1990-இல் ஹப்பிள் மேலே போனபோது படம் கலங்கலாக வந்தது. கண்ணாடியின் ஓரத்தைத் தேய்த்ததில் தலைமுடித் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு தவறு. 1993 டிசம்பரில் ஆட்கள் விண்கலத்தில் போய்ச் சரிசெய்தார்கள். மொத்தம் ஐந்து தடவை போய் வந்தார்கள், கடைசித் தடவை 2009. அந்த விண்கலமே 2011-இல் ஓய்வு பெற்றுவிட்டது. வெப் இருக்கும் தூரத்துக்கோ எந்த மெக்கானிக்கும் போக முடியாது. நம் அஸ்ட்ரோசாட்டிலும் புறஊதாத் தொலைநோக்கியின் ஒரு பகுதி சில ஆண்டுகளிலேயே நின்றுவிட்டது. மற்ற பகுதிகளை வைத்து நல்ல வேலை செய்தார்கள், ஆனால் நின்றதை ஓட்ட முடியவில்லை.

தரையில் கதை வேறு. ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறதே, அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972-இல் வந்தது. அன்று போட்டோத் தகட்டில் படம் எடுத்தார்கள். பிறகு மின்னணுக் கேமரா வந்தது, மாட்டிக்கொண்டார்கள். கண்ணாடி பழசு, கண் புதுசு. வானத்தில் இப்படி நினைத்த நேரத்தில் மாற்ற முடியுமா?

நான்கு, நீண்ட கணக்கு. கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1899-இல் தொடங்கியது. 1909-இல் எவர்ஷெட் என்பவர் அங்கேதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். உலகப் பாடப்புத்தகங்களில் இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கும் மேலான சூரியனின் நாட்குறிப்பு அது. எந்தச் செயற்கைக்கோளிடம் இது உண்டு?

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனைப் பார்க்க ஆதித்யா எல்1 போனதே, அதில் உள்ள முக்கியக் கருவியைச் செய்தது யார்? பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். கோடைக்கானலையும் காவலூரையும் நடத்துவது யார்? அதே நிறுவனம். அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியிலும் அவர்கள் கை உண்டு. தரையில் கண்ணாடி தேய்த்துப் பழகிய கைதான் விண்ணுக்குக் கருவி செய்தது. வேரை வெட்டிவிட்டுப் பலாப்பழம் கேட்பவரை நம் மலையில் என்ன சொல்வோம்?

ஐந்து, சாதனை. "படம் அழகாக இருக்கிறது" என்பது வேறு, கண்டுபிடிப்பு என்பது வேறு. நம் சூரியனைப் போன்ற இன்னொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை 1995-இல் முதலில் கண்டுபிடித்தது பிரான்சில் தரையில் இருந்த 1.93 மீட்டர் தொலைநோக்கி. அதற்கு 2019-இல் நோபல் பரிசு. பால்வீதியின் நடுவில் கருந்துளை இருப்பதை நட்சத்திரங்களின் ஓட்டத்தைப் பல வருடம் பின்தொடர்ந்து காட்டியவர்களுக்கு 2020-இல் நோபல். அவர்கள் பார்த்ததும் தரைத் தொலைநோக்கிகளில்தான். காற்றின் ஆட்டத்துக்கு ஏற்ப நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை கண்ணாடியை வளைத்து நிமிர்த்தி ஆட்டத்தைக் கழிக்கும் வித்தையைத் தரையில் உள்ளவர்கள் கற்றுக்கொண்டார்கள். 2019 ஏப்ரலில் உலகமே பார்த்ததே கருந்துளைப் படம், அதுவும் பூமியெங்கும் பரவிய ரேடியோத் தொலைநோக்கிகளின் கூட்டு வேலை.

ரேடியோ என்றதும் ஊட்டியைச் சொல்லாமல் விடக்கூடாது. 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த ஊரின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவுள்ள மலைச்சரிவாகத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது, ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நம் கொல்லிமலையும் அதே 11 டிகிரியில்தான் இருக்கிறது. மலையையே கருவியாக்கிய மூளை அது. அரை கிலோமீட்டர் நீளத்தை எந்த ராக்கெட்டில் மடித்து வைப்பீர்கள்?

இனி காவலூருக்கு வருகிறேன், ஏனென்றால் அது நம் வீட்டுக் கதை. ஜவ்வாது மலையில் இருப்பவர்களும் நம்மைப் போல மலையாளி மக்கள்தான். வைணு பாப்பு என்ற விஞ்ஞானி இடம் தேடி அலைந்து, அங்குள்ள இருட்டுக்காகத்தான் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் சிறிய 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கினார்கள். யுரேனசுக்கு வளையம் உண்டென்று உலகம் அறிந்த 1977 மார்ச்சில், காவலூரும் அந்த நிகழ்வைப் பதிவு செய்தது. 1988-இல் காவலூரில் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர். 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதைப் பார்க்கப் பாப்பு உயிரோடு இல்லை, 1982-இலேயே போய்விட்டார். அவர் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

ஹப்பிளின் கண்ணாடி 2.4, காவலூரின் கண்ணாடி 2.34. வித்தியாசம் 6 சென்டிமீட்டர், நம் ஒரு சாண்கூட இல்லை. அப்படியானால் ஹப்பிள் ஏன் அவ்வளவு தெளிவாகப் பார்க்கிறது? கண்ணாடியால் அல்ல, இருக்கும் இடத்தால். தொலைநோக்கிக்கு இடம்தான் பாதி பலம். தரையில் அந்த இடம் என்பதற்கு இரண்டே பொருள்: நல்ல காற்று, நல்ல இருட்டு. காற்றின் ஆட்டத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். வெளிச்சத்துக்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை. அதற்கு மருந்து சுவிட்சுதான்.

தம்பி, உன் வாதத்தின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. "எல்லாம் மேலே போய்விட்டது" என்று சொன்ன அடுத்த நொடியே, "அப்படியானால் கீழே இருட்டு எதற்கு" என்று கேட்டாய். ஒரு தப்பு இன்னொரு தப்பைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது. அதோடு, மேலே போனாலும் தப்பிக்க முடியவில்லை. 2019 முதல் ஆயிரக்கணக்கான இணையச் செயற்கைக்கோள்கள் ஏறுகின்றன. அவற்றின் கோடு தரைப் படங்களில் மட்டுமல்ல, ஹப்பிள் படங்களிலும் குறுக்கே விழுகிறது.

லடாக்கில் ஹன்லே என்ற ஊர் இருக்கிறது. 4,500 மீட்டர் உயரத்தில் நம் நாட்டின் 2 மீட்டர் தொலைநோக்கி அங்கே நிற்கிறது. பெங்களூரு பக்கத்தில் ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள். 2022-இல் அந்தப் பகுதியை இருள் வானக் காப்பிடமாக அறிவித்தார்கள். கிராமத்துக்காரர்களுக்குத் தொலைநோக்கி கொடுத்து, வானம் காட்டப் பயிற்சியும் கொடுத்தார்கள். இன்று இருட்டைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் அங்கே போகிறார்கள், ஊருக்கு வருமானம். இருட்டும் மிளகு, காபி மாதிரி ஒரு விளைச்சல்தான்.

காவலூர் இருக்கும் உயரம் 725 மீட்டர். நாம் ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறோம். இங்கே பெரிய ஆய்வுக்கூடம் கட்டச் சொல்லி நான் மனு எழுதவில்லை. ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர் தேடி வருவதில் இந்த வானமும் ஒன்று. இரவில் மலை ஓரத்தில் நின்று சேந்தமங்கலம், ராசிபுரம், துறையூர் பக்கம் பாருங்கள், அடிவானமே வெளுத்திருக்கும். அந்த வெளுப்பு இப்போது மேலேயும் ஏறுகிறது. தங்கும் விடுதி ஒன்றில் விடிய விடிய எரியும் விளக்கு மரத்தையும் மேகத்தையும் பார்த்து எரிகிறது, பாதையைப் பார்த்து அல்ல. சாமைக் காட்டுக்குக் காவல் இருந்த நம் தாத்தாக்கள் கார்த்திகை மீனைப் பார்த்து மணி சொன்னார்கள். அவர்கள் பேரப்பிள்ளை அதே கார்த்திகையைச் செல்போனில் படமாகப் பார்க்கப் போகிறதா?

விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரடி நடமாடும் ஊர், பெண்பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரும் பாதை, வெளிச்சம் கட்டாயம் வேண்டும். ஆனால் மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பிய விளக்குதான் பாதைக்கு அதிக வெளிச்சம் தரும். வானத்துக்குப் போகும் வெளிச்சத்துக்கும் நாம்தான் கரண்ட் பில் கட்டுகிறோம். ஆடி 18 வல்வில் ஓரி விழாவுக்கு மலையே ஜொலிக்கட்டும். விழா முடிந்ததும் அணைப்போம்.

ஆகவே மூன்று கோரிக்கை. தெருவிளக்குகளுக்கு மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்ப, கண் கூசும் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் விளக்கு போட, அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவோம். ஊரில் இருப்பவர்கள் கையெழுத்துக்கு வாருங்கள். விடுதி நடத்தும் என் மாணவர்கள், உறவினர்கள் இரவு பத்து மணிக்கு மேல் அலங்கார விளக்கை அணையுங்கள். வெளியூரில் சம்பாதிப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நம் பள்ளிக்கு நல்ல இருகண் தொலைநோக்கி இரண்டு வாங்கிக் கொடுங்கள். கலிலியோ 1610-இல் பார்த்த வியாழனின் நிலாக்களை நம் பிள்ளைகள் திண்ணனூர் நாட்டு மண்ணில் நின்று பார்க்கட்டும். நாளைக்கு விண்வெளித் தொலைநோக்கி செய்யப்போகும் பிள்ளை அதில் ஒன்றாக இருக்கலாம்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், தம்பி உட்பட. கட்டைவிரல் மட்டும் போதாது, காரணத்தோடு எழுத வேண்டும். மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
திண்ணனூர் நாடு, கொல்லிமலை.