நமது பெட்டி, நமது பொறுப்பு



2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு உதவி நின்றது. அதற்காகப் பழைய கணினியை இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸை அதில் இலவசமாகப் போடலாம். பிள்ளைகள் டக்ஸ் பெயின்ரில் படம் வரையலாம். சுப்பர்டக்ஸ்கார்ட்டில் காரோட்டி விளையாடலாம். அவர்களுக்குத் தனிக் கணக்கொன்றைத் திறந்து கொடுங்கள்.

அதே கணினியில் நெக்ஸ்ட்கிளவுட் என்னும் இலவச மென்பொருளையும் நிறுவினால், சங்கத்தின் சேமிப்புக் கணக்கும் காணாமல் ஆக்கப்பட்டோருக்காக எழுதிய கடிதங்களும் வெளியாரிடம் போகாமல் நம் அறையிலேயே இருக்கும். உறுப்பினர்கள் அங்கு வந்து கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம்.

ஆனால் கணினி பழுதானால் மீட்டுத்தர வேறு எவருமில்லை. கிழமைக்கொரு தடவை கடவுச்சொல்லிட்ட பிரதி எடுத்து, இன்னொரு வீட்டில் வையுங்கள். இருந்த ஒரேயொரு பிரதியையும் இடப்பெயர்வில் இழந்த நமக்கு இதன் அருமை தெரியாததா?