அடிமுறையும் குத்துச்சண்டையும்: கற்றலைக் காணாத ஆய்வு

வெள்ளறடை, பனச்சமூடு, பாறசாலை வட்டாரத்து இளைஞன் ஒருவன் அடிமுறை ஆசானை விடுத்துத் தனிப் பயிற்சியாளரிடம் மாதக் கட்டணம் செலுத்திக் குத்துச்சண்டை பழகினால், மரபு அழிகிறது என்ற புலம்பல் ஆய்வரங்குகளில் உடனே எழுகிறது. அங்கு அவன் என்ன கற்கிறான், எப்படிக் கற்கிறான், அதற்கு அவன் உடல் கொடுக்கும் விலை யாது என்று கேட்பாரைக் காண்பது அரிது. நம் ஆய்வுலகம் கலையின் பிறப்புச் சான்றிதழைத் தேடுகிறதே ஒழிய, கற்பவனின் காலடியைப் பார்ப்பதில்லை.

1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. அதன்பின் ஒரே அடவு எல்லைக்கு அப்பால் 'அடிமுறை' என்றும் இப்பால் 'தெக்கன் களரி' என்றும் இரு பெயர்களில் எழுதப்படலாயிற்று. மலையாள ஆய்வு அதை வடக்கன் களரியின் பின்னிணைப்பாக்கியது. தமிழாய்வு அகத்தியரிடம் கொண்டுபோய் நிறுத்தியது. இரு தரப்புக்கும் தேவைப்பட்டது உரிமைப் பத்திரமே.

கற்றலின் பக்கமிருந்து நோக்கினால் வேறு செய்தி கிடைக்கும். வடக்கன் முறையில் மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி ஆகியவற்றைக் கடந்த பிறகே வெறுங்கைக்கு வருவார்கள். தெற்கில் தொடக்கமே வெறுங்கைதான். ஒற்றைச்சுவட்டில் கால் நிலைபெறாதவனுக்கு அடுத்த பாடம் இல்லை. குத்துச்சண்டையின் அரிச்சுவடியும் காலில்தான் தொடங்குகிறது. இடக்கால் முன்னே, பின்காலின் குதிகால் சற்றே உயர்ந்து, முகவாய் தாழ்ந்து, இரு கைகளும் கன்னத்தை ஒட்டி நிற்க வேண்டும். முன்கை நேர்க்குத்து தோளிலிருந்து புறப்பட்டுச் சென்ற வழியே திரும்பவேண்டும். திரும்பும் கை தாழ்ந்தால் முகம் திறந்துவிடும். இதை உடல் ஏற்பதற்கே மாதங்கள் ஆகும். அவ்விளைஞன் மரபைத் துறந்தான் என்பார், இரண்டு பாடங்களின் முதல் ஏட்டையும் புரட்டாதவர்.

அந்நியக் கலை என்னும் வாதமும் நிற்காது. ஆங்கிலேயர் கொணர்ந்த குத்துச்சண்டையை வடசென்னையின் துறைமுகத் தொழிலாளர் தமதாக்கி, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகளாக வகுத்தனர். 1994 உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற தேவராஜன் சென்னைக்காரர்.

ஆசான் மரபைப் பொற்காலமாக்குவதும் நேர்மையன்று. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்ற எண்ணிக்கையை யாரும் சொல்வர். அவற்றின் இருப்பிடமோ பல்லாண்டு பணிந்து நின்ற சிலருக்கு மட்டுமே வாய்க்கும். நம்பிக்கைக்குரிய சீடன் அமையாவிட்டால் அறிவு ஆசானோடு மறையும். எடைப்பிரிவும் சுற்றுக் கணக்கும் நடுவரும் உள்ள ஆட்டத்தில், யாருடைய மகன் என்று கேளாமல் தன் திறன் அளக்கப்படுவதை ஓர் இளைஞன் விரும்பினால் அதில் குற்றம் என்ன?

ஆயினும் ஒரு வேறுபாடு கவலைக்குரியது. இவ்வட்டாரத்து ஆசான் பெரும்பாலும் வைத்தியரும் ஆவார். அடியைக் கற்பித்தவரே இளக்குமுறையும் எலும்பு கட்டுதலும் அறிந்திருந்தார். அடித்தால் என்ன ஆகும் என்பது பாடத்தின் உள்ளேயே இருந்தது. தனிப் பயிற்சியாளர் அத்தகுதியோடுதான் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாட்டியாலா தேசிய விளையாட்டுக் கழகத்துப் பட்டயம் பெற்றவரும், காணொளி பார்த்துக் கற்றவரும் ஒரே கையுறையை மாட்டிக்கொள்கிறார்கள். கைத்துணி சுற்றத் தெரியாத சிறுவனை முதல் மாதமே எதிராளிமுன் நிறுத்திப் படம்பிடித்து விளம்பரம் செய்வது பயிற்சியே அன்று. மூளை அதிர்ச்சி மரபையும் அறியாது, மாநில எல்லையையும் அறியாது.

இதையெல்லாம் யார் பதிவுசெய்வது? லோயிக் வக்கான் 1988இல் சிகாகோவின் கறுப்பினக் குடியிருப்பில் ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்ந்து, மூன்றாண்டுகளுக்கு மேல் அடிவாங்கிக் கற்றுத் தம் நூலை எழுதினார். ஃபிலிப் சாரில்லி 1970களில் திருவனந்தபுரம் வந்து களரியில் எண்ணெய் பூசி இறங்கினார். நம்மிலோ சுவடு வைத்துப் பார்க்காமலேயே அடிமுறை பற்றிக் கட்டுரை எழுதலாம், முனைவர் பட்டமும் பெறலாம். 2020இல் 'பட்டாஸ்' வந்தபோது அடிமுறையின் தொன்மை பேசிய நாவுகள் பல. பயிலும் பிள்ளையின் ஒரு வாரப் பாடத்தைக் குறித்து வைத்தவர் எத்தனை பேர்?

வர்ம ஏடுகளின் மொழி தமிழ். அவற்றைப் படிக்க வல்ல தமிழ்த்துறை காரியவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெள்ளறடைக்குப் பேருந்தில் ஒரு முற்பகலில் சென்று சேரலாம். ஆசானிடமும் பயிற்சியாளரிடமும் ஒரே மாணவர் ஆறுமாதம் முறைவைத்துப் பழகி, எந்த நாளில் எது கற்பிக்கப்பட்டது, எங்கே வலித்தது, எப்போது எதிராளிமுன் நிறுத்தினார்கள் என எழுதிவரட்டும். அந்தக் குறிப்பேடு கைக்கு வந்தபின் அகத்தியரைப் பற்றிப் பேசலாம்.