கோபமும் மறதியும் யார் கணக்கில்?



வலிப்பு நோய் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே போதும், "இன்னைக்கு மாத்திரை போட்டியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சாம்பாரில் உப்பு அதிகம் என்று முகம் சுளித்தாலும் இதே கேள்விதான். தம்பி சொல்லாமல் சார்ஜரை எடுத்துப் போனதற்குக் கத்தினாலும் இதே கேள்விதான்.

அக்கறையில்தான் கேட்கிறோம். ஆனால் நம் வீட்டில் மற்ற எல்லோருக்கும் கோபப்பட உரிமை உண்டு, அவருக்கு மட்டும் அது நோயின் கணக்கில் போய்விடுகிறது. இது நியாயமா?

அதேசமயம், "முன்ன மாதிரி இல்லீங்க, சட்டுனு எரிஞ்சு விழறான். காலையில சொன்னது சாயங்காலம் ஞாபகமில்ல" என்று ஒரு அம்மா சொன்னால், அதுவும் பொய்யில்லை. இதையெல்லாம் நாம் யாரிடம் சொல்கிறோம்? அக்காவிடம் போனில் சொல்கிறோம், பக்கத்து வீட்டில் சொல்கிறோம். டாக்டரிடம் சொல்வதில்லை. ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பது இரண்டு நிமிஷம். "ஃபிட்ஸ் வந்துச்சா?" "இல்ல சார்." "சரி, அதே மாத்திரையைத் தொடருங்க." கோபமும் மறதியும் நோயோடு சம்பந்தப்பட்டவை என்றே நமக்குத் தோன்றுவதில்லை. குணம் என்று விட்டுவிடுகிறோம்.

மறதியை எடுத்துக்கொள்வோம். காதுக்குப் பக்கவாட்டில், மூளையின் உட்புறத்தில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. புதிய விஷயங்களை மனதில் பதியவைப்பது அதன் வேலை. இதை உலகுக்குக் காட்டியவரே ஒரு வலிப்பு நோயாளிதான். அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மோலைசன். 1953-ல், அவருக்கு 27 வயதாக இருந்தபோது, வலிப்பை நிறுத்துவதற்காக வில்லியம் ஸ்கோவில் என்ற டாக்டர் அவருடைய மூளையின் இரண்டு பக்கத்திலும் அந்தப் பகுதியில் கணிசமான பங்கை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-ல் இறக்கும்வரை அவர் மனதில் புதிய நினைவு எதுவும் சரியாகத் தங்கவில்லை. பல வருஷம் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் அறைக்குள் வரும்போதெல்லாம் அவருக்குப் புது ஆள்தான். புத்திக்கூர்மை குறையவில்லை, சுபாவமும் சாதுவானதுதான்.

பயப்படாதீர்கள், இன்று யாரும் அப்படி இரண்டு பக்கமும் எடுப்பதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா போன்ற இடங்களில் ஆபரேஷனுக்கு முன்பே நினைவாற்றலைத் தனியாகச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. பெரியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் ஒருவகை வலிப்பு, பெரும்பாலும் ஹிப்போகேம்பஸ் இருக்கும் அந்தப் பக்கத்திலிருந்துதான் கிளம்புகிறது. அதில் எல்லோரும் கீழே விழுந்து துடிப்பதில்லை. ஓரிரு நிமிஷம் வெறித்துப் பார்ப்பார், வாயைச் சப்புக்கொட்டுவார், சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நீங்கள் சொன்ன எதுவும் பதிவாகாது. "எதிர்லதானே உக்காந்திருந்த, கேக்கலையா?" என்று பிறகு திட்டுவோம். ராத்திரித் தூக்கத்தில் வலிப்பு வந்தால் சில சமயம் அவருக்கே தெரியாது. மறுநாள் முழுக்க மந்தமாக இருப்பார்.

வலிப்பு நின்ற கையோடு தெளிவு வந்துவிடாது. அந்தக் குழப்பத்தில் நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தால் உதறித்தான் தள்ளுவார். அதை "அடிக்க வர்றான்" என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறோம்.

மாத்திரைக்கும் இதில் பங்குண்டு. இப்போது பரவலாக எழுதித்தரும் லெவிடிராசிட்டம் பலருக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. ஆனால் சிலருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் தருகிறது. டோபிராமேட் எடுக்கும் சிலருக்குச் சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனியிலேயே நின்றுவிடும். பழைய ஃபீனோபார்பிடோன் பெரியவர்களுக்குத் தூக்கத்தைத் தரும், சில குழந்தைகளுக்கோ ஓர் இடத்தில் உட்காரவிடாத பரபரப்பைத் தரும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவும் வேறு மருந்துக்கு மாற்றவும் வழியுண்டு. மனச்சோர்வு தனியாக இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. நாம் வாய்திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

1970-களில் நார்மன் கெஷ்விண்ட் என்ற அமெரிக்க நரம்பியல் நிபுணர், ஹிப்போகேம்பஸ் பக்கத்திலிருந்து கிளம்பும் அந்த வகை வலிப்பு உள்ளவர்களில் சிலருக்குப் பக்கம் பக்கமாக எழுதுவது, பக்தியில் ஆழ்வது போன்ற சுபாவங்கள் இருப்பதாக எழுதினார். அதுபற்றிய விவாதம் அப்போதிருந்தே ஓயவில்லை. பெரும்பாலான நோயாளிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. "வலிப்புக்காரங்க குணமே இப்படித்தான்" என்று பேசுவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

எனக்கென்னவோ, பாதிக் கோபத்தை நாம்தான் உண்டாக்குகிறோம் என்று தோன்றுகிறது. 1999 வரை இந்து திருமணச் சட்டத்தில் அடிக்கடி வரும் வலிப்பைப் புத்திசுவாதீனமின்மைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். கல்யாணத்தை ரத்து செய்ய அதுவும் ஒரு காரணம். அந்த வருஷம் சட்டத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். வீடுகளில் எடுத்துவிட்டோமா? மறைத்துத்தானே பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறோம்? அவள் மாமியார் வீட்டில் மாத்திரையைப் புடவை மடிப்புக்குள் ஒளித்துவைத்து, யாரும் பார்க்காத நேரம் பார்த்து விழுங்க வேண்டும். விருந்தாளி வந்தால் ஒருவேளை மாத்திரை தவறும், மறுநாள் வலிப்பு வரும். இப்படி ஒரு வருஷம் வாழ்ந்தால் யாருக்குத்தான் சுபாவம் மாறாது? அதற்கு மூளையில் காரணம் தேட வேண்டியதில்லை.

வலிப்பு வந்த தேதியைக் குறித்துவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதே நோட்டில் தூக்கம் எப்படி, மனசு எப்படி, எது மறந்தது, மருந்து மாற்றி எத்தனை நாளில் கோபம் கூடியது என்று இரண்டு வரி சேருங்கள். முடிந்தவரை அவரையே எழுதச் சொல்லுங்கள், அடுத்தமுறை ஓ.பி.யில் அவரையே பேசவிடுங்கள். வெறித்துப் பார்த்த அந்த ஓரிரு நிமிஷம் அவருக்குத் தெரியாதே, அதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்