பிள்ளை வளர்த்த ஆண்டுகளை வயதில் கழிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
தமிழ் மகளிர் சங்கம், லேக் மார்க்கெட் வட்டாரம், கொல்கத்தா.

பெறுநர்
1. செயலாளர் அவர்கள், தொழிலாளர் துறை,
2. செயலாளர் அவர்கள், பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை,
மேற்கு வங்க அரசு.

பொருள்: குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்ட பெண்கள் நடுவயதில் மீண்டும் பணியில் சேர வயது வரம்புத் தளர்வும் பயிற்சியும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வங்கி, ரயில்வே, நிலக்கரி நிறுவனம், புவியியல் ஆய்வுத் துறை என்று கணவருக்குக் கிடைத்த வேலையை ஒட்டி இந்த நகருக்கு வந்து, லேக் மார்க்கெட், லேக் கார்டன்ஸ், ராஷ்பிகாரி அவென்யூ பகுதிகளில் குடியேறிய தமிழ்ப் பெண்கள் நாங்கள். எங்களில் ஆசிரியை உண்டு, நர்ஸ் உண்டு, கணக்கர் உண்டு. ஊரில் பார்த்துவந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தோம். அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இல்லாத ஊரில் பிள்ளைகளை நாங்களே வளர்த்து ஆளாக்கினோம். இப்போது எங்களுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மறுபடியும் வேலைக்குப் போக விரும்புகிறோம். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் வீடுகளில் இது வெறும் விருப்பமல்ல, தேவை.

எங்கள் உறுப்பினர் ஒருவர் பி.எட். முடித்துப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவர். சென்ற ஆண்டு ஓர் ஆசிரியர் பணிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க உட்கார்ந்தார். பிறந்த தேதியைப் போட்டதுமே ‘தகுதியில்லை’ என்று சிவப்பு எழுத்தில் வந்துவிட்டது. மதிப்பெண் பட்டியலையும் அனுபவச் சான்றிதழையும் ஏற்றும் பக்கம் திறக்கவேயில்லை. மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்திருந்த சான்றிதழ்களை அப்படியே உறையில் போட்டுக் கட்டிவைத்தார். அவருக்கு என்ன தெரியும் என்று யாருமே கேட்கவில்லை.

இம்மாநிலத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிக்கு உச்ச வயது 40 என வகுக்கப்பட்டிருந்தது. குடிமைப் பணித் தேர்வின் முதல் பிரிவுக்கு 36. அரசு ஊழியர் ஓய்வுபெறுவதோ 60 வயதில். ஆக, 42 வயதில் சேரும் பெண் 18 ஆண்டுகள் பணிபுரிய முடியும். அத்தனை ஆண்டு உழைப்பை வேண்டாம் என்று தள்ளுவதற்கு என்ன காரணம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. 2021-இல் தொடங்கிய லக்ஷ்மீர் பண்டார் திட்டத்தில் 25 முதல் 60 வயது வரையுள்ள பெண்களுக்கு உதவித்தொகை என்று இம்மாநில அரசு வகுத்தது. உதவி பெற 60 வயது வரை தகுதி உள்ளவளுக்கு, சம்பாதிக்க மட்டும் கதவு முன்னதாகவே அடைபடுகிறது.

குழந்தை வளர்ப்பு ஒரு வேலை என்பதை அரசு அறியாததல்ல. பணியிலிருக்கும் தாய்மார்களுக்கு 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பை மத்திய அரசு 2008-இல் கொண்டுவந்தது. இம்மாநிலத்திலும் அது உண்டு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தால் மகப்பேறு விடுப்பு 26 வாரமானது. இவை எல்லாம் பணியை விடாதவர்களுக்கு. விட வேண்டிவந்தவர்களைப் பற்றி இந்த விதிகளில் ஒரு வரியும் இல்லை. 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். வேலையை யார் விட வேண்டியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆகவே எங்கள் தலையாய கோரிக்கை: பிள்ளை வளர்ப்புக்காகப் பணியிலிருந்து விலகிய ஆண்டுகளை, நியமனத்தின்போது விண்ணப்பதாரரின் வயதிலிருந்து கழித்துக் கணக்கிட வேண்டும். இது புதிய கணக்கு அல்ல. மத்திய அரசுப் பணிகளில் முன்னாள் படைவீரரின் படைப்பணி ஆண்டுகளை வயதிலிருந்து கழிக்கும் விதி நெடுநாளாக நடைமுறையில் இருக்கிறது. அவர்களுக்குரிய இடங்களில் நாங்கள் பங்கு கேட்கவில்லை; அந்தக் கணக்கு முறையைத்தான் கேட்கிறோம். கணவரை இழந்தவர்களுக்கும், மணமுறிவு பெற்று மறுமணம் செய்யாதவர்களுக்கும் மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளில் 35 வயது வரை தளர்வு உண்டு. ஒரு பெண் வீடு உடைந்த பிறகுதான் சலுகைக்கு உரியவளாக வேண்டுமா? மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, இடையில் பணி விட்ட பெண் விஞ்ஞானிகளுக்காக 2002-03-இல் தொடங்கிய திட்டத்தில் 57 வயது வரை விண்ணப்பிக்க வழி செய்தது. விஞ்ஞானிக்குப் பொருந்தியது கணக்கு டீச்சருக்கும் பொருந்தும்.

அடுத்து, பயிற்சி. எங்களில் ஒருவர் வாட் வரி இருந்த காலத்தில் டாலி மென்பொருளில் கணக்கு எழுதியவர். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அவர் மகள் தொடக்கப் பள்ளியில் இருந்தாள். அவருக்குக் கணக்கு மறக்கவில்லை. மாறிய விதிகளை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். 2016-இல் தொடங்கிய உத்கர்ஷ் பாங்ளா திறன் பயிற்சித் திட்டத்தில், காலை 11 முதல் 2 மணி வரை நடக்கும் குறுகிய காலப் புத்தாக்க வகுப்புகளைத் தெற்குக் கொல்கத்தாவில் தொடங்க வேண்டும். பேச்சு வங்காளம் எங்களுக்குச் சரளம். எழுதப் படிக்கக் கற்பிக்கும் வகுப்பும் சேர்ந்தால் பள்ளி, மருத்துவமனை வேலைகளுக்கு நாங்கள் தயார்.

தமிழ்நாட்டில் பதிவுபெற்ற நர்சுகளின் பதிவை மேற்கு வங்க நர்சிங் கவுன்சிலுக்கு மாற்ற ஒரே இடத்தில் உதவி மையம் வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றிதழ் ஆயுள் முழுதும் செல்லும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது போல, பழைய தொழில் சான்றிதழ்களும் செல்லுபடியாக வேண்டும்.

தனியார் நிறுவனங்கள் விளம்பரத்திலேயே ‘30 வயதுக்குள்’ என்று போடுவதைத் தவிர்க்குமாறு தொழிலாளர் துறை சுற்றறிக்கை விட வேண்டும். டாடா குழுமம் 2008-லேயே, இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்களுக்கெனத் தனித் திட்டம் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் முதல் காளிகாட்டில் மெட்ரோ ஏறி, எஸ்பிளனேடில் மாறி, தனியார் நிறுவனங்கள் நிறைந்த செக்டர் ஃபைவில் நேராக இறங்கலாம். தூரம் என்ற தடை நீங்கிவிட்டது. வயது என்ற தடைதான் மிச்சம்.

இதே நகரில், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு 1893-இல் கடல் கடந்து எடின்பரோவில் மருத்துவத் தகுதி பெற்றுத் திரும்பிய காதம்பினி கங்கூலி, 1923-இல் இறக்கும்வரை மருத்துவம் பார்த்தார். அவர் திரும்பிவந்தபோது வயதைக் காட்டி இந்நகரம் வாசலை அடைத்திருந்தால் எத்தனை தாய்மார்கள் நல்ல மருத்துவரை இழந்திருப்பார்கள் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

அடுத்த ஆள்சேர்ப்பு அறிவிக்கைக்கு முன்பாக எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கேட்டு, வயதுத் தளர்வு குறித்து அரசாணை வெளியிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்களின் கல்வி, பணி அனுபவ விவரங்களும் மனுவின் வங்காள வடிவமும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: கொல்கத்தா
நகல்: செயலாளர், பெண்கள் குழந்தைகள் மேம்பாடு மற்றும் சமூக நலத் துறை, மேற்கு வங்க அரசு.