துறைமுக பட்ஜெட்டும் நம் பென்ஷனும்

பிப்ரவரி மாதம் வந்தால் டெல்லி பட்ஜெட்டைப் பற்றி டீக்கடை முதல் டி.வி. வரை எல்லோரும் பேசுகிறார்கள். அதே நாட்களில் நம் துறைமுகங்களிலும் ஒரு பட்ஜெட் நிறைவேறுகிறது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை, அதை நம்பி மாதாமாதம் பென்ஷன் வாங்கும் நாமும்கூட. கணக்குப் பிரிவிலேயே சர்வீஸ் முழுவதையும் கழித்தவன் என்பதால் சொல்கிறேன்: அந்த பட்ஜெட்டைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

1963ஆம் வருடத்துப் பெருந்துறைமுகச் சட்டம், ஜனவரி 31க்குள் போர்டின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி அடுத்த நிதியாண்டின் வரவு செலவு மதிப்பீட்டைச் சேர்மன் வைக்க வேண்டும் என்றது. அதனால் தீபாவளி முடிந்த கையோடு வேலை ஆரம்பமாகிவிடும். முதல் அரையாண்டுக் கணக்கு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, அடுத்த ஆண்டின் மதிப்பீடு என்று ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலிருந்தும் படிவங்கள் வரும். இதில் உயிர்நாடி டிராஃபிக் டிபார்ட்மென்ட் தரும் ஒரே ஒரு எண்தான்: அடுத்த வருடம் எத்தனை டன் சரக்கு வரும்? சரக்குக் கட்டணம், கப்பல் கட்டணம், ரயில்வே வருமானம் எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. வெளிநாட்டுக் கப்பல்களின் கட்டணம் டாலர் கணக்கில் என்பதால் ரூபாய் மதிப்பு எப்படி இருக்கும் என்றும் ஊகிக்க வேண்டும்.

நியாயமாக இந்த எண்ணைக் கப்பல் ஏஜென்டுகளையும் சரக்குக்காரர்களையும் விசாரித்துப் போட வேண்டும். நடப்பது என்ன? போன வருடத்து எண்ணோடு பத்து சதவீதம் கூட்டு, அவ்வளவுதான். சென்னையில் 2011இல் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாள்வது நின்றது. தூசியால் வடசென்னை மக்கள் பட்ட பாட்டுக்கு அந்த உத்தரவு நியாயமே. ஆனால் அக்டோபர் மாதத்தோடு அந்த டன்கள் போய்விட்டன, சம்பளமும் பென்ஷனும் போகவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகும் பத்து சதவீதக் கணக்கை நம்புகிறவர்களை என்னவென்று சொல்வது?

செலவுப் பக்கம் இன்னும் மோசம். உபரி இவ்வளவு காட்ட வேண்டும் என்று மேலே முதலில் முடிவாகிவிடும். சம்பளத்தைக் குறைக்க முடியாது, கரண்ட் பில்லையும் குறைக்க முடியாது. கத்தரி விழுவது இரண்டே இடத்தில்: தூர்வாரும் செலவு, பென்ஷன் நிதிக்கான தொகை. இரண்டுமே உடனே கண்ணுக்குத் தெரியாதவை.

கடலடியில் மண் சேர்வது போர்டு ரூம் ஜன்னலிலிருந்து தெரியாது. நான் வேலை பார்த்த இடத்தில் (எந்தத் துறைமுகம் என்பது வேண்டாம்) ஒரு வருடம் பராமரிப்பு டிரெட்ஜிங் மதிப்பீடு பென்சிலால் பாதியாக்கப்பட்டுத் திரும்பி வந்தது. ஓரத்தில் ‘அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு குறிப்பு. அந்த வருடம் உபரி பளபளவென்று இருந்தது, பத்திரிகையிலும் செய்தி வந்தது. மண் மட்டும் அடுத்த வருடம் வரை காத்திருக்கவில்லை. ஆழம் குறைந்தால் கப்பல் சுமையைக் குறைத்துக்கொண்டு வரும், இல்லையென்றால் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விடும். மிச்சம் பிடித்ததைவிட அதிகம் செலவழித்துத்தான் பின்னால் வாரினார்கள்.

பென்ஷன் விஷயம் இதைவிடக் கசப்பு. நமக்கு மத்திய அரசின் கஜானாவிலிருந்து பென்ஷன் வருகிறது என்று நம் பிள்ளைகளே நினைக்கிறார்கள். இல்லை. துறைமுகம் தன் சொந்த வருமானத்தில் சேர்த்து வைக்கும் நிதியிலிருந்து வருகிறது. 2004க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் புதிய திட்டம். பழையவர்கள் நமக்கு அந்த நிதிதான் கதி. எத்தனை கோடி இருந்தால் நம் காலம் வரை தாங்கும் என்று கணக்கிட ஆக்சுவரி என்ற நிபுணர் இருக்கிறார். அவர் ஒரு தொகையைச் சொல்வார். பட்ஜெட்டில் அதைவிடக் குறைவாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை உபரி என்று காட்டினால் அது உபரியா? நம்மிடம் வாங்கிய கடன் என்பேன் நான்.

இதில் 2020ஐ மறக்க முடியாது. காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசுக்கு இருந்த 66.67 சதவீதப் பங்கை 2,383 கோடி ரூபாய் கொடுத்து சென்னைத் துறைமுகம் வாங்கியது. டெல்லியில் அதற்குப் பெயர் பங்கு விலக்கல். விற்றதும் அரசு, வாங்கியதும் அரசின் துறைமுகம்! ‘எண்ணூர் லாபமான துறைமுகம், டிவிடென்ட் வருமே’ என்று நண்பர் ஒருவர் வாதாடுவார். வரட்டும். நல்ல சொத்து என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் டிவிடென்ட் லாபம் இருந்தால் வருவது, பென்ஷன் மாதம் தவறாமல் கொடுக்க வேண்டியது. டெல்லியின் இலக்கு நிறைவேற உதவிய அந்தப் பெரிய தொகையில் முதல் உரிமை யாருக்கு இருந்திருக்க வேண்டும்?

தனியார் துறைமுகங்களின் போட்டி என்று காரணம் சொல்வார்கள். எண்ணூருக்குப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளி இருக்கிறது, உண்மைதான். போட்டி இருந்தால் ஆழத்தை அல்லவா முதலில் காப்பாற்ற வேண்டும்? மும்பை ஆணையம் கட்டணத்தைக் கட்டிப் போடுகிறது என்ற பழைய சாக்கும் இப்போது இல்லை. 2021ஆம் வருடச் சட்டத்துக்குப் பின் கட்டணத்தைத் துறைமுக போர்டே நிர்ணயிக்கலாம்.

அந்தச் சட்டப்படி போர்டில் ஊழியர் தரப்புக்கு இரண்டு இடங்கள் உண்டு. அவர்கள் கேன்டீன், போனஸ் பேசுவதோடு நிற்காமல் பட்ஜெட் கூட்டத்தில் நான்கு எண்களை முதல் பக்கத்திலேயே கேட்கட்டும்: ஆக்சுவரி சொன்னது எவ்வளவு, ஒதுக்கியது எவ்வளவு, தூர்வாரத் தேவையானது எவ்வளவு, ஒதுக்கியது எவ்வளவு. பென்ஷனர் சங்க நிர்வாகிகள் இதை டிசம்பருக்குள் அவர்களிடம் எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஜனவரியில் கொடுத்தால் ‘பேப்பர் அச்சாகிவிட்டது சார்’ என்பார்கள்.